சீனன்குடாவிற் குடியேறலாமா?

"தம்பி, கொழும்பிலிருந்து திரும்பும்போது ஒருமுறை சீனன்குடாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. பொடியன் சொல்வதை நம்புவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொன்னால் எனக்குப் போதும்."

சென்ற ஆவணி மாதத்தில் என் தமக்கையார் தொலைபேசியிற் கூறிய சொற்கள் இவை. ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு நான் அப்பொழுது கொழும்பிலே தங்கியிருந்தேன். தமக்கையார் வவுனியாவில் வாழ்பவர். அத்தான் காலமாகி நான்கு ஆண்டுகளாகின்றன. மூத்த மகனுக்குச் சீனன்குடாவிலுள்ள ஆலையொன்றில் வேலை கிடைத்தது. அவன் நண்பர் மூவருடன் ஓர் அறையில் ஒதுங்கியிருக்கிறான். மகள் பத்தாம் வகுப்பிற் படிக்கிறாள். அத்தான் விட்டுச் சென்ற ஊழியர் சேமலாப நிதிப் பணம் வங்கியிற் கிடக்கிறது. அந்தப் பணம்தான் அக்குடும்பத்தின் முழு முதல்.

மருமகன் ஒரு காணியைப் பார்த்திருந்தான். இருபது பேர்ச் நிலம், அதன்மேல் இரண்டு அறைகளோடு ஓடு வேய்ந்த ஒரு சிறு வீடு. கேட்கும் விலையோ திருகோணமலை நகரிலே கேட்கும் விலையில் மூன்றிலொரு பங்குதான். "மாமா, இதைவிட மலிவாக இனி ஒரு காணி கிடைக்காது. பத்து நாளைக்குள் முற்பணம் கொடுக்கவேண்டுமாம்" என்று அவன் எனக்கும் எழுதியிருந்தான்.

மலிவு என்ற சொல்லைக் கேட்டால் மகிழ்வதா, அஞ்சுவதா? நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் இவ்வையம் எழுவது இயல்பு. கருத்தரங்கு முடிந்த அன்றிரவே கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலை செல்லும் இரவுப் புகையிரதத்தில் ஏறினேன்.

இரவு வண்டி

திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்றன. நள்ளிரவுக்குப் பின்னர் வண்டி அச்சந்தியில் நின்றபோது, தேநீர் விற்பவனின் குரலைத் தவிர வேறு ஓசையில்லை. அதற்கப்பால் இருமருங்கும் காடு. யானைகள் பாதையைக் கடக்கும் இடங்களில் வண்டி தயங்கித் தயங்கிச் சென்றது.

கந்தளாயை அண்மிய வேளையிற் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிற்று. கந்தளாய்க் குளம் இந்நாட்டின் தொன்மையான பெருங்குளங்களுள் ஒன்று. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதன் அணை உடைந்து பேரழிவை விளைத்ததை இன்னும் மறவாதோர் பலர். திருகோணமலை நகரம் குடிக்கும் நீரும் இக்குளத்து நீரே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதுபற்றிப் பேசவேண்டியிருக்கும்.

தம்பலகாமத்து வயல்களைக் கடந்ததும் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. நெல்லின் பசுமை மறைந்து, பற்றைக்காடும் செம்மண்ணும் வருகின்றன. அவற்றினிடையே, யாரோ பூதங்கள் சமைத்துவிட்டுக் கவிழ்த்து வைத்த பானைகளைப்போல, வட்டவடிவான பெரிய இரும்புத் தாங்கிகள் தென்படுகின்றன. திடீரென்று வலப்பக்கத்திலே கடல்! அலையில்லாத, ஆரவாரமில்லாத, குளத்தைப்போல அடங்கிக் கிடக்கும் கடல். அதுதான் சீனன்குடா. வண்டி நின்றது. திருகோணமலைக்கு முந்திய நிலையம் இதுவே. என்னோடு இறங்கியவர்களிற் பெரும்பாலோர் கையிற் பச்சைநிறப் பெட்டியும் ஒட்ட வெட்டிய தலைமயிரும் உடைய இளைஞர்கள். விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பும் படைவீரர் என்று கண்டவுடன் விளங்கிற்று. மருமகன் மேடையிற் காத்துநின்றான்.

கப்பல்கள் தேடிய குடா

குடா என்பது நிலத்தினுட் புகுந்து கிடக்கும் கடல். முன்னொரு காலத்திற் சீனத்துக் கப்பல்கள் இங்குத் தங்கிச் சென்றமையால் இப்பெயர் வழங்கலாயிற்று என்பர் ஊரார். எவ்வாறாயினும், திருகோணமலைத் துறைமுகம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதிலே கருத்து வேறுபாடில்லை. சிறப்பு எங்குண்டோ அங்குப் போட்டியும் உண்டு. போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டிலே கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எடுத்தனர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் துரத்தினர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர்.

ஆங்கிலேயரே சீனன்குடாவை இன்றைய சீனன்குடா ஆக்கியவர்கள். முதலாம் உலகப் போருக்குப் பின்னர்ப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயாற் செல்லத் தொடங்கின. அவற்றுக்கு எண்ணெய் சேமிக்கவே இங்கே தாங்கிகள் கட்டப்பட்டன. 1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்துமாகடலிலே ஆங்கிலேயருக்கு எஞ்சிய பெருந்துணைகளுள் இத்துறைமுகமும் இங்கிருந்த விமானத் தளமும் அடங்கும். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தாக்க வந்த விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது மோதியதென்றும், அது பல நாள் எரிந்ததென்றும் சொல்வர். உருகி நெளிந்த அத்தாங்கியின் எச்சம் இன்றும் உண்டு.

1957ஆம் ஆண்டிலே தளங்கள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இன்று திருகோணமலையில் இருக்கிறது. சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. எஞ்சியுள்ள தாங்கிகள் 99. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10 இலட்சம் தொன். 1987ஆம் ஆண்டின் இலங்கை இந்திய உடன்பாட்டை ஒட்டி எழுதப்பட்ட கடிதங்களிலும் இத்தாங்கிகள் இடம்பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளை இங்கு வந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியிற் செய்த ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் அக்கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கிடப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஓர் உடன்பாடு கண்டன.

இவ்வளவு பெரிய செய்திகளுக்கும் என் தமக்கையாரின் இருபது பேர்ச்சுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. சந்தியிலே பலசரக்குக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் அதனை ஒரே வசனத்திற் சொன்னார்: "பத்திரிகையில் தாங்கிச் செய்தி வந்தால், மறுநாள் காணித் தரகர் விலையை ஏற்றிப்போடுவார், மாஸ்ரர்."

அருகிருந்தும் மலிவில்லை

காலை உணவுக்குப் பின் மருமகனும் நானும் ஊரைச் சுற்றப் புறப்பட்டோம். சீனன்குடாவிற் பெருந்தொழில்கள் மூன்றைக் குறிப்பிடலாம். ஒன்று எண்ணெய். இரண்டாவது, 1977ஆம் ஆண்டின் உடன்படிக்கையைத் தொடர்ந்து சிங்கப்பூர் நிறுவனமொன்று நிறுவிய பிறீமா மா ஆலை. குடாவின் கரையிலே வானளாவ நிற்கும் அதன் குதிர்கள் தொலைவிலிருந்தே தெரியும். மூன்றாவது, 1980களிலே தொடங்கிய டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. ஆழமான கடல் கரையோடு ஒட்டியிருப்பதாற் கப்பல்கள் நேரே வந்து கோதுமையையும் சீமெந்துக்கான மூலப்பொருளையும் இறக்கிச் செல்கின்றன.

எண்ணெயும், மாவும், சீமெந்தும் ஓர் ஊரின் வாயிலிலேயே கிடைக்குமானால், அவ்வூரிலே அடுப்பெரிப்பதும், பாண் உண்பதும், வீடு கட்டுவதும் மலிவாக இருக்கவேண்டுமன்றோ? இல்லை. நானாவின் கடையிலே மாவின் விலையும், வன்பொருட் கடையிற் சீமெந்துப் பையின் விலையும் விசாரித்தேன். வவுனியாவிலே என் தமக்கையார் கொடுக்கும் விலைக்கும் இவற்றுக்கும் சொல்லத்தக்க வேறுபாடில்லை.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை இவ்வூரார் நினைவுகூர்ந்தபோது இம்முரண் இன்னும் கசப்பாகத் தோன்றிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாதென அறிவித்தது. செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிற்று. நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றனர். "தாங்கிகளின் நிழலிலேதான் நாங்களும் நின்றோம். போத்தலோடு இரண்டு நாள் நின்று ஒரு லீற்றர் வாங்கினேன்" என்றார் நானா. ஆற்றங்கரையிலே தாகத்தால் வாடுவது என்பது இதுதான் போலும்.

எனினும், வாடகை மெய்யாகவே குறைவு. மருமகன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற புகையிரதப் பகுதி ஊழியர். அவர் வளவிலேயே இரண்டறை வீடொன்று காலியாக இருந்தது. அதற்கு அவர் கேட்ட வாடகை, திருகோணமலை நகரிலே அத்தகைய வீட்டுக்குக் கேட்பதிற் பாதிக்குச் சற்று மேல். இதற்குக் காரணம் என்ன? பிற நாடுகளிலே படைத்தளம் உள்ள நகரங்களில் வாடகை உயரும் என்பர். அமெரிக்காவிலே சான் டியேகோ போன்ற கடற்படை நகரங்களிற் படைவீரர் வீட்டுக் கொடுப்பனவு பெற்று ஊருக்குள் வீடு பிடிப்பதனால், பிறரும் அவர்களோடு போட்டியிடவேண்டியிருக்கிறது. இங்கோ வீரர்களிற் பெரும்பாலோர் முகாமுக்குள்ளேயே உண்டு உறங்குகின்றனர். அவர்தம் குடும்பங்கள் தூர ஊர்களில் வாழ்கின்றன. ஆகவே அவர்கள் வருகையால் வாடகை ஏறவில்லை. ஆனால் முகாமும் விமானத்தளமும் தாங்கிகளும் துறைமுகமும் பெருநிலப்பரப்பை அடைத்துக்கொண்டமையால், தனியார் உறுதியோடு கூடிய காணி அரிதாயிற்று. வாடகை மலிவு, காணி அரிது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே அன்று நான் கற்ற முதற்பாடம்.

வாடகையில் அடங்காத செலவுகள்

வீட்டுக்காரர் வளவுக் கிணற்று நீரை வாயில் வைத்தேன், சற்றே உவர்த்தது. குளிக்கவும் துவைக்கவும் போதும், குடிக்க உதவாது. நல்ல வேளையாகக் குழாய்நீர் வருகிறது. கந்தளாய்க் குளத்தை நினைவில் வைக்குமாறு வேண்டினேன் அல்லவா? வரட்சியிலே அக்குளம் வற்றினால், வயலுக்கும் குடத்துக்கும் ஒரே வேளையில் தட்டுப்பாடு வரும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே நிலம் வெடித்துப் புழுதி பறக்கிறது. ஐப்பசிக்குப் பின் வாடைமழை கொட்டுகிறது.

ஓசை பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலாற் பயிற்சி விமானமொன்று வட்டமிட்டது. அஃது எழும்பும், இறங்கும், மீண்டும் எழும்பும். விமானமோட்டப் பழகும் இளைஞர்கள் பயிலும் விமானங்களுட் சில சீன நாட்டிலே ஆக்கப்பட்டவை. சீனக் கப்பலாற் பெயர் பெற்றதென்று சொல்லப்படும் குடாவின்மேற் சீன விமானம் பறப்பதை எண்ணி நகைத்தேன். வீட்டுக்காரர் நகைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் அத்தகைய விமானமொன்று தளத்தினுள்ளே வீழ்ந்து அதிகாரிகள் இருவர் மாண்டதை அவர் நினைவூட்டினார். "அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, மாஸ்ரர். அன்றைக்கு இந்த ஊரே சோறு தின்னவில்லை" என்றார். படைமுகாமின் அயலிலே வாழ்பவர் மனத்தில் அச்சமும் அயலுறவும் ஒன்றாகவே வளர்கின்றன என்பதை அவர் சொல் எனக்கு உணர்த்திற்று.

அடுத்தது பள்ளி. தமக்கையாரின் மகள் கணிதப் பிரிவிற் படிக்க விரும்புகிறாள். சிறு வகுப்புகளுக்கு அயலிலே பாடசாலைகள் உண்டு. உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டுமாயின் நகருக்கே போகவேண்டும். 1923ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற நெடும்புகழ் பெற்ற கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. தூரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் மாலை வகுப்பு முடிந்து இருட்டிய பின்னர் ஒரு பெண்பிள்ளை பஸ்ஸுக்காகக் காத்துநிற்பதும், சோதனைச் சாவடிகளையும் முட்கம்பி வேலிகளையும் கடந்து தனியே வருவதும் தாய்மனத்துக்கு எளிதன்று. முச்சக்கர வண்டி பிடித்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பெரும்பங்கு அதற்கே போகும்.

மருமகனின் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதினோம். ஒருபுறம் வாடகையில் மிச்சம், மகன் வேலைக்கு நடந்தே போகும் வசதி, நகரத்துக்குப் புகையிரதமும் பஸ்ஸும், நல்ல காற்று. மறுபுறம் பிள்ளையின் போக்குவரத்து, மாலை வகுப்பு, மருத்துவத்துக்கு நகர் செல்லும் செலவு, கோடையில் நீர். கூட்டிக் கழித்தபோது மிச்சம் குறைந்ததேயன்றி முற்றாக மறையவில்லை. "பார்த்தீர்களா மாமா, இன்னும் மிச்சந்தானே!" என்றான் மருமகன். உண்மைதான். வாடகைக்கு வாழ்வதாயின் சீனன்குடா இலாபமே. ஆனால் அவன் கேட்பது வாடகை வீடன்று, விலைக்குக் காணி.

ஒரு கடதாசியின் கதை

பிற்பகலிலே அக்காணியைப் பார்த்தோம். அழகிய இடம். வளவின் பின்புறத்தில் ஒரு முதிரை மரம். அதனூடாகக் குடாவின் நீலம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அக்கா இங்கே வந்தால் முதல்வேலையாகக் கறிவேப்பிலைக் கன்று நடுவார் என்று எண்ணினேன். விற்பவர் மரியாதையான மனிதர். "உறுதியைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் கொண்டுவந்து காட்டியது உறுதியன்று. அரசாங்கம் தம் தந்தையாருக்கு வழங்கிய காணி அனுமதிப்பத்திரம். "இதை வைத்து, விற்றதாக ஒரு கடதாசி எழுதி, சாட்சி வைத்து ஒப்பம் போடலாம். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நம் குடும்பங்கள் பலவும் அறியவேண்டிய ஒன்று. அச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் அக்காணியிற் குடியிருக்கலாம், பயிரிடலாம். ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதனை மற்றொருவருக்குக் கைமாற்ற முடியாது; விருப்பம்போலத் துண்டாடவும் முடியாது. அவ்வாறு கைமாற்றி எழுதிய கடதாசி சட்டத்தின் முன் நில்லாது. காசு கொடுத்தவர் வீட்டிலே இருப்பார். காணி அவருடையதாக இராது. அவர் மகன் அதனை அடகு வைத்து வங்கியிற் கடன் பெறவும் இயலாது. மூன்றிலொரு பங்கு விலை என்பதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. மிகுதி இரண்டு பங்கும் உறுதியின் விலை.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. சீனன்குடாவைச் சூழ்ந்த நிலத்திற் பெரும்பகுதி 1984ஆம் ஆண்டிலே துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது. அங்கே நெடுங்காலம் பயிர்செய்து வந்தோரும் உண்டு. அண்டையிலுள்ள முத்துநகரிலே, தாம் உழுத நிலம் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதென்று விவசாயிகள் 2025ஆம் ஆண்டில் வீதிக்கு வந்து போராடினர். துறைமுகமும் எரிசக்தியும் வளர வளர, இவ்வட்டாரத்திலே நிலத்தின் மேல் அரசின் கண்ணும் முதலாளிகளின் கண்ணும் விழுவது உறுதி. அத்தகைய இடத்திற் கடதாசி ஒன்றை மட்டும் நம்பி ஒரு விதவைத் தாய் தன் முழு முதலையும் இறைக்கலாமா?

மருமகன் வாடிய முகத்தோடு நின்றான். "வேலை செய்யும் எல்லாரும் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள், மாமா. அவர்களை ஒருவரும் எழுப்பவில்லையே" என்றான். அவன் சொல்வதிலும் உண்மை இல்லாமலில்லை. பல்லாண்டுகள் அவ்வாறு தொல்லையின்றி வாழ்ந்தோர் எத்தனையோ பேர். ஆயினும், பிறர் ஆற்றை நீந்திக் கடந்தார் என்பது நமக்கு நீச்சல் தெரியும் என்பதற்குச் சான்றாகாது.

உறுதி இருந்தவளின் கதை

அன்று மாலை வீட்டுக்காரரின் திண்ணையில் இருந்தபோது, உறுதியே எல்லாம் என்ற என் எண்ணத்துக்கும் ஓர் அடி விழுந்தது. அவர் மனைவியின் பெரியம்மா ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சம்பூரைச் சேர்ந்தவர். குடாவுக்கு எதிர்க்கரையிலே, கொட்டியாரக் குடாவின் தென்பால் உள்ளது அவ்வூர்.

"மோனை, எனக்கு உறுதி இருந்தது. மூன்று தலைமுறை உறுதி. 2006இலே செல் விழுந்து ஓடினோம். உறுதியைச் சீலைக்குள் முடிந்துகொண்டுதான் ஓடினேன். காணிக்குப் போக விடவில்லை. கிளிவெட்டி முகாமிலே தகரத்துக்குக் கீழே எத்தனை வருசம்! பேப்பர் என்னிடம் இருந்தது, நிலம் அவர்களிடம் இருந்தது" என்றார் அவர்.

போருக்குப் பின்னரும் சம்பூர் உயர்பாதுகாப்பு வலயமாகவும் தொழில் வலயமாகவும் அடைக்கப்பட்டிருந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே மக்கள் திரும்பிச் செல்ல முடிந்தது. இவரும் திரும்பினார். வீடு இருந்த இடத்திலே கிணற்றுக்கட்டு மட்டும் எஞ்சியிருந்ததாம். "ஆனால் ஒன்று, மோனை. திரும்பிக் கேட்கும்போது என் கையிலே அந்தப் பேப்பர் இருந்தபடியால்தான், இது என்ரை என்று சொல்ல வாய் வந்தது. பேப்பர் இல்லாதவள் என்னவென்று கேட்பாள்?"

திண்ணையிற் சற்றுநேரம் எவரும் பேசவில்லை. உறுதி ஒருவரைப் போரிலிருந்து காப்பதில்லை. ஆனால் போர் முடிந்தபின் கேட்கும் உரிமையை அதுதான் காக்கிறது. எத்தனையோ நூல்களைப் படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாக எவரும் இதனை உரைத்ததில்லை.

கோணேசர் மலையில்

மறுநாட் காலை நகருக்குச் சென்று, கோணேசப் பெருமானைத் தரிசிக்க மலையேறினேன். பிறெட்றிக் கோட்டைக்குள்ளே இன்றும் இராணுவத்தினர் தங்கியிருக்கின்றனர். கோட்டை வாயிலைக் கடந்து, முகாம்களுக்கும் மேயும் மான்களுக்கும் இடையே சென்றே ஆலயத்தை அடையவேண்டும். 1622இல் இடிக்கப்பட்ட ஆலயத்தின் திருவுருவங்களுட் சில 1950ஆம் ஆண்டிலே மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடையில் முந்நூற்று நாற்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் இம்மலை கோட்டையாகவே இருந்தது. ஆயினும் இங்கே ஓர் ஆலயம் இருந்ததென்ற நினைவை மக்கள் கைவிடவில்லை.

படைகளின் நடுவே வாழ்வது திருகோணமலை மக்களுக்குப் புதிதன்று. போர்த்துக்கேயன் காலந்தொட்டு அவர்கள் அதனைச் செய்துவருகிறார்கள். முகாமுக்குப் பக்கத்திலே உழுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மணம் முடிக்கிறார்கள், தேர் இழுக்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தியில் தேநீர் குடிக்கிறார்கள். ஆகவே, "படைமுகாம் அருகில் இருக்கிறது, போகாதே" என்று நான் தமக்கையாருக்குச் சொல்லமாட்டேன்.

என் விடை

தொலைபேசியில் அவருக்கு நான் கூறியவற்றை இங்கே எழுதுகிறேன். இத்தகைய வினா வேறு குடும்பங்களிலும் எழக்கூடும்.

"அக்கா, ஊர் நல்ல ஊர். அயலவர் நல்லவர். பொடியன் சொன்னதிலே பொய் இல்லை. ஆனால் அவன் பார்த்த காணிக்கு உறுதி இல்லை. அதை வாங்கவேண்டாம். அத்தானுடைய காசு வங்கியிலேயே கிடக்கட்டும். வீட்டுக்காரருடைய வளவு வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஒரு கச்சானையும் ஒரு வாடையையும் அங்கே இருந்து பாருங்கள். பிள்ளை பள்ளிக்குப் போய்வருவது சரிவருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் மனம் பிடித்தால், உறுதிக்காணி தேடுவோம். நல்ல நொத்தாரிசு ஒருவரைப் பிடித்துக் காணிப் பதிவகத்திலே பதிவுகளைத் தேடிப் பார்த்து, பிரதேச செயலகத்திலும் விசாரித்த பின்னர் முற்பணம் கொடுப்போம். இருபது பேர்ச் கிடைக்காவிட்டால் எட்டுப் பேர்ச் போதும்."

மறுமுனையிலே நெடுநேரம் மௌனம். பின்னர் அவர் சொன்னார்: "நான் என்ரை வீட்டிலேதான் கண்மூட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லியிருந்தேன், தம்பி."

அதற்கு என்னிடம் விடையில்லை. வாடகை வீட்டில் ஒருநாள் இருப்பதும் தமக்கு இழிவு என்று நம் முதியோர் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தையே தரகர்கள் முதலாகக் கொண்டு வாணிகம் செய்கின்றனர். ஆனால் அது வெறும் பிடிவாதமும் அன்று. பலமுறை இடம்பெயர்ந்த ஒரு மக்கட்கூட்டம் காலூன்ற விரும்பும் ஏக்கம் அது. அந்த ஏக்கத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை.

ஐப்பசியில், மழை தொடங்குமுன், அக்காவும் மகளும் சாமான்களோடு சீனன்குடா வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். விற்பவர் அந்தக் காணியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். மருமகனுக்கு அதிலே இன்னும் சிறிது மனத்தாங்கல் உண்டு. சென்ற கிழமை அக்கா பேசினார். விமானச் சத்தம் பழகிவிட்டதாம். பிள்ளை பள்ளியால் வர நேரமாகிற நாட்களில் அவர் சந்தியிற் போய்க் காத்துநிற்கிறாராம். நானாவின் கடைத் திண்ணையிலே அவருக்கென்று ஒரு வாங்கு இருக்கிறதாம். பேச்சின் முடிவிலே, "தம்பி, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறேன். சாடியிலேதான்" என்றார்.

"நல்லது, அக்கா. சாடியை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம்" என்றேன் நான்.